தபசுக் கூட்டாஞ்சோறு

நாற்பது பேருக்கு ராச்சாப்பாடு ஆக்குவது பெரிய வேலை இல்லை, சாமி. வீட்டில் நாலு பேருக்கு ஆக்குவதுதான் சிரமம். நாலு பேருக்கு நாலு ருசி. நாற்பது பேருக்கு ஒரே ருசிதான். பசி.

ஒரு அண்டா, ஒரு துடுப்பு போதும். தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் வேண்டாம். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் கொதிக்க விட வேண்டும். அரைவேக்காட்டில் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், புளிப்பு மாங்காய். தேங்காய், சீரகம், வற்றல், சின்ன உள்ளி எல்லாவற்றையும் அரைத்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் புளி. கடைசியில் ஒரு கூடை முருங்கைக்கீரை. மேலே வடகம் தாளித்துக் கொட்டினால் கூட்டாஞ்சோறு. உடைமர விறகாக இருந்தால் இரண்டு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரத்தில் ஆகிவிடும். வேலைநாள் சாயங்காலத்துக்கு இதைவிட லேசான சாப்பாடு கிடையாது.

நீங்கள் கேட்டது சமையல் குறிப்பு இல்லை என்று தெரியும். ஆனால் அங்கேயிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும்.

மெட்டில்டா அந்தப் பால்மாவு டின்னைக் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்துவிட்டாள். உள்ளே இருப்பது என்ன, அதை எப்போதிலிருந்து போடுகிறேன் என்று கேட்கிறீர்கள். ஜேசுபாதத்தின் பிள்ளைக்கு நாளைக் காலைப் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். நான் நிற்கலாமா கூடாதா என்பது இப்போது நான் சொல்லப்போகிற பதிலில் இருக்கிறது என்கிறீர்கள். நியாயம்தான். எனக்குப் புதுச் சட்டை தைத்தாயிற்று. பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் தோணியில் பண்டாரியாக இருந்தவன். பண்டாரி என்றால் சமையல்காரன். நீங்கள் சாத்தான்குளத்துப் பக்கம் பனைமரத்துக்கு நடுவில் வளர்ந்தவர், அதனால் சொல்கிறேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தோம். தோணியை நடத்துகிற தண்டல் பண்டாரிக்குச் சம்பளம் கொடுப்பார். மரியாதையை அவரால் கொடுக்க முடியாது. அதைத் தட்டுதான் கொடுக்க வேண்டும். வழித்த தட்டு திரும்பி வந்தால் மரியாதை. பருக்கையோடு வந்தால் அன்றைக்கு யார் முகத்திலும் விழிக்க முடியாது. நடுக்கடலில் போய் ஒளியவும் இடம் கிடையாது.

என் தட்டுகள் வழித்தே வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

மூட்டு வீங்கி நான் கரையில் தங்கின வருஷம்தான் நீங்கள் பங்குக்கு வந்தீர்கள். புதுத் துறைமுகம் திறந்த வருஷம். நின்றுபோயிருந்த பாஸ்கா நாடகத்தை நீங்கள்தான் மறுபடி எடுத்தீர்கள். ஊரே சந்தோஷப்பட்டது. ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம் நாற்பது நாளும், வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஒத்திகை, எட்டு மணிக்குக் கோயில் கொட்டகையில் சாப்பாடு. நாடகத்தை நடத்த தேவபிரசாதம் அண்ணாவி. சமையலுக்கு நான். நீங்களே வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. மூட்டு வலியாகவும் இருக்கலாம்.

பிறகு விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு நடிகர்களை எல்லாம் பீடத்துக்கு முன்னால் நிறுத்தினீர்கள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று இறைச்சியை விடுவது கடற்கரைக்காரனுக்குத் தபசே இல்லை என்றீர்கள். அது சரிதான். வெள்ளிக்கிழமைகளில் இங்கே பாறை மீனும் விளமீனும் கூடுதலாகத்தான் விற்கும். ஆகவே கர்த்தருடைய பாடுகளை நடிக்கிறவர்கள் நாற்பது நாளும் மீனையும் விட வேண்டும் என்றீர்கள். மாதா சுரூபத்தின் காலில் கைவைத்து எல்லோரும் சத்தியம் செய்தார்கள். முதலில் கைவைத்தவன் கிளாட்வின். அவன்தான் ஏசு.

நீங்கள் வரிசையாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு. நான் கடைசி வரிசையில் நின்று கவனமாகக் கேட்டேன்.

முதல் வாரம் நீங்கள் சொன்னபடியே ஆக்கினேன். கூட்டாஞ்சோறு, மறுநாள் சாம்பார், மறுநாள் மறுபடி கூட்டாஞ்சோறு. உப்பு சரி, புளி சரி, குழையாமல் வெந்திருந்தது. தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தன.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிளாட்வின் மட்டும் கேட்டான். "மாமா, இத தின்னுகிட்டு நான் சிலுவ சொமக்கணுமா? என்னையத் தூக்கதுக்கு ஆள் வேண்டாம். காத்தடிச்சா நானே மேல போயிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துடுப்பைக் கழுவிக்கொண்டே சிரித்தேன்.

இரண்டாம் வாரம் ரோமானியப் படை கலைய ஆரம்பித்தது. நாலு வீரர்கள் ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் பொரித்த மீன் விற்கிற கடைக்குப் போயிருக்கிறார்கள். ஈட்டியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டதால் சுலபமாகப் பிடிபட்டார்கள். பிலாத்து காய்ச்சல் என்றான். அப்போஸ்தலர்களில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் தங்கச்சி கல்யாணம் வந்தது. இருவருக்கும் தங்கச்சி கிடையாது.

தேவபிரசாதம் அண்ணாவி அடுப்படிக்கு வந்து வெற்றிலையைத் துப்பினார்.

"பாஸ்கல், ஒண்ணும் நெனச்சுக்காத. பயலுவ சோத்தப் பாத்துதான் ஓடுதானுவ. இந்த வாரமும் இப்படித்தாம்னா மெட்டில்டாகிட்ட சொல்லிருதேன். அவ கைப்பக்குவம் ஒரு மாதிரி எடுபடும்."

"அவளும் மீன் இல்லாமத்தானே ஆக்கணும்?"

"ஆக்குவா. பொம்பள கை."

மெட்டில்டா நல்லவள். என் சித்தி மகள், எனக்குத் தங்கச்சி முறை. அவள் கத்தரிக்காயில் விதையைக் கூட எடுக்க மாட்டாள். அண்டாவை அவளிடம் கொடுப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நாடகம் நின்றுபோகும் என்று பயந்தேன். ஊருக்காகப் பயந்தேன். வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த துணி மூட்டையை எடுத்தேன். அதற்குள் மாசி இருந்தது.

அதுதான் அந்த டின்னில் இருப்பது. தூள் மாசி.

சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. மாலத்தீவிலிருந்து வரும். எங்கள் தண்டல் இப்போதும் வரும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுப்பார். நான் சொல்லும்போது மீன் மாதிரித் தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. விறகுக்கட்டை மாதிரி இருக்கும். செதில் இல்லை, முள் இல்லை, கண் இல்லை. சுத்தியலால்தான் உடைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அதைக் கருவாட்டுப் பானையில் போட மாட்டோம். மிளகு, சீரகம், மல்லியோடு வைப்போம். அது சரக்கு. குழம்புக்கு மணம் கொடுக்கிற சரக்கு. மாசியைத் தட்டில் வைத்து இன்றைக்கு மீன் சாப்பிட்டேன் என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை. சில பேர் மாசிக் கருவாடு என்பார்கள். அது கடைக்காரர்களின் பேச்சு.

மீன், இறைச்சி, முட்டை, கருவாடு. மாசி என்று நீங்கள் சொல்லவில்லை.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்பதற்காக இரண்டு தடவை இந்தப் பங்களா வாசல்வரை வந்தேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். வாசிக்கிறவரைத் தொந்தரவு செய்வது முறை இல்லை. நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

முதல் நாள் ஒரு கை அளவுதான் போட்டேன். பந்தி உட்கார்ந்ததும் அண்டாவை இறக்குகிற சமயத்தில் தூவி, கிளறி, மூடிவிட வேண்டும். அந்த ஆவியிலேயே மணம் ஏறிவிடும். அன்றைக்குத் தட்டுகள் வந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுவ வேண்டியதே இல்லை. பிலாத்து தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி நக்கினான். காய்ச்சல் விட்டிருந்தது. கிளாட்வின் மூன்றாம் தடவை வந்து நின்றான்.

"மாமா, என்ன செஞ்சீய?"

"அரிசி மாத்திருக்கேன்."

அது பொய் இல்லை. மாற்றியிருந்தேன்.

மூன்று நாளில் ரோமானியப் படை முழுதாகத் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் யூத ஜனங்களில் கூடுதலாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அண்ணாவி அவர்களுக்கு வசனம் இல்லை என்றார். வேண்டாம், சிலுவையில் அறையும் என்று கூட்டத்தோடு கத்திவிட்டுப் போகிறோம், சாப்பாடு மட்டும் உண்டா என்றார்கள். மெட்டில்டாவின் பேச்சை அண்ணாவி பிறகு எடுக்கவில்லை.

நீங்களும் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சாமி. குத்திக்காட்டவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன். நடிகர்கள் விடுவதை நானும் விடுகிறேன் என்று பீடத்தில் வைத்துச் சொன்னவர் நீங்கள். தினமும் இரண்டு தடவை வாங்கினீர்கள். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தரச் சொன்னீர்கள். நாலாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், மீன் இல்லாமலும் மனிதன் திடமாக வாழ முடியும், இதோ நம் நாடகக்காரர்களே சாட்சி என்று கையை நீட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தீர்கள். பிறகு மடத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் வந்து செய்முறை கேட்டார்கள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். ஒன்றைத் தவிர. அவர்கள் செய்து பார்த்து, அந்த ருசி வரவில்லையே என்று ஆள் அனுப்பினார்கள். விறகைப் பொறுத்தது என்று சொல்லி அனுப்பினேன்.

பூனைகள் வந்ததுதான் கொஞ்சம் சங்கடம். முதலில் ஒன்றிரண்டு. பிறகு சாயங்காலம் ஆனால் கொட்டகை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துவிடும், உங்கள் பங்களாப் பூனை உட்பட. பூனைக்கும் நாடகம் பிடிக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். தண்ணீர் எடுக்க வந்த மெட்டில்டா மட்டும் இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

"அண்ணே, கூட்டாஞ்சோத்துக்குப் பூன வாரத இப்பத்தாம் பாக்கேன்."

"அதுகளும் தபசு இருக்கு. ஒஞ்சோலியப் பாரு."

"இருக்கட்டும் இருக்கட்டும். பூனயே மீன விட்டுட்டுன்னா லோகம் முடியப்போவுது."

சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

இனி ஜேசுபாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று முகத்தில் தெரிகிறது.

ஜேசுபாதத்துக்கு யூதாஸ் வேஷம். யாரும் எடுக்க மாட்டேன் என்ற வேஷத்தை அவனாகக் கேட்டு வாங்கினான். தெருவில் போனால் பிள்ளைகள், "ஏலே, முப்பது வெள்ளிக்காசு வந்துட்டாலே?" என்று கத்துவார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். அவன் பெஞ்சாதி மரியசெல்வி ஆலந்தலைக்காரி. இரண்டு பிள்ளை தங்கவில்லை. அப்போது எட்டாம் மாதம். இந்தப் பிள்ளையாவது உயிரோடு கிடைக்க வேண்டும் என்று அவன் மாதாவுக்குத் தனியாக ஒரு நேர்ச்சை வைத்திருந்தான். நாற்பது நாள் மீன் வாயில் படாது என்று. நடிகர்களின் சத்தியம் வேறு, இது வேறு. எனக்குத் தெரியும். என்னிடம்தான் முதலில் சொன்னான்.

அவனுக்கு மட்டும் தனியாக ஆக்கியிருக்கலாம் என்கிறீர்கள். நாற்பது பேருக்கு ஒரு அண்டா என்பதால்தான் அது லேசான சாப்பாடு. ஆளுக்கு ஒரு சட்டி என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. தவிர, ஒருவனுக்கு மட்டும் தனிச் சோறு போட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

மூன்றாம் வாரம் அவன் தட்டோடு அடுப்படிக்கு வந்தான். சோறு தொடாமல் இருந்தது.

"மாமா, தப்பா நெனைக்காதீய. சோத்துல லேசா மீன் வாட அடிக்கி."

"வேற யாரும் சொன்னாவளா?"

"இல்ல."

"ஒனக்கு மட்டுந்தான் அடிக்கா?"

"எனக்கு மட்டுந்தாம் போல."

"அப்பம் அது சோத்துல இல்லலே. ஒம் மூக்குல இருக்கு."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் தோளில் கைவைத்தேன்.

"நேர்ச்ச வச்சவனத்தாம்லே பசாசு சோதிக்கும். மீனத் தின்னவங்கிட்ட அதுக்கு என்ன சோலி? ஒன்னையத் தேடி வருதுன்னா ஒன் நேர்ச்ச மேல போய்ச் சேருதுன்னு அர்த்தம். விட்டுக் குடுத்துராத. தின்னு."

அவன் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனான். மாதா முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு வந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு கடைசிப் பருக்கைவரை தின்றான். தட்டை நானே வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

மறுநாள் அவன் உங்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததை அவனே என்னிடம் சொன்னான். மீனுக்கு ஆசைப்பட்டேன் சாமி, வாடைகூட வருகிறது என்றானாம். நீங்கள் மூன்று ஜெபமாலை அபராதம் கொடுத்தீர்களாம். அது போதாது என்று அவனாகவே முழங்காலால் கோயிலைச் சுற்றி வந்தான். மணலில் சிப்பி ஓடு கிடக்கும். அன்று சாயங்காலம் அவன் முழங்காலுக்கு நான்தான் வேப்பெண்ணெய் தடவினேன். கண்கலங்கி என் கையை முத்தி செய்தான். அவனுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்துவிடவில்லை. மாசியை நிறுத்திவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. பெருங்காயத்தைக் கூட்டினேன். மாசியை நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி வாடையைக் குறைத்தேன். அவன் சோதனையைக் குறைக்க என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவன் இளைத்துத் தெரிந்ததால் அவன் பங்கை அண்டாவின் அடியிலிருந்து எடுப்பேன். தூள் அடியில்தான் இறங்கியிருக்கும்.

பிறகு அவனுக்கு வாடை வரவில்லை. ஜெயித்துவிட்டேன் மாமா என்றான்.

நாடகம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெரிய வெள்ளி இரவு இப்படி ஒரு கூட்டம் நம் கடற்கரையில் கூடியதில்லை என்றார்கள். கிளாட்வின் மட்டும் நாற்பது நாளில் ஊதிவிட்டான். சிலுவையில் ஏற்றும்போது விலா எலும்பு தெரிய வேண்டும் என்று அண்ணாவி கரியை எடுத்து அவன் நெஞ்சில் கோடு போட்டார். பார்த்தவர்கள் அழுதார்கள். கரி என்று யாருக்கும் தெரியவில்லை. கரியால் வரைந்த எலும்புக்கு அழுதது பொய் அழுகை என்று நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை மரியசெல்விக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நல்ல கனம். பனிமயம் என்று பேர் வைக்கப்போகிறார்கள். ஜேசுபாதம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தான். வாசலிலேயே காலில் விழுந்தான்.

"மாமா, நீங்க ஆக்கிப் போட்ட சோத்துலதாம் எந் நேர்ச்ச நின்னுச்சு. மீனப் பத்தி நெனப்பே வராமப் பண்ணிட்டீய. எம் புள்ளைக்கு நீங்கதாம் ஞானத்தகப்பன்."

நான் என்ன சொல்ல? எழுந்திருலே என்றேன். வேறு ஆளைப் பார் என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சந்தோஷமாக வந்தவனை வருத்தப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவன் தோணியில் இருந்தவன் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் என் சோற்றுக்கு இப்படி ஒரு மரியாதை எந்தத் தோணியிலும் கிடைத்ததில்லை.

அதோடு முடிந்திருக்கும். நேற்று முன்தினம் நாடகக்காரர்களுக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று நீங்கள்தான் ஆசைப்பட்டீர்கள். ஆட்டுக்கறி எடுக்கலாம் என்றார் அண்ணாவி. வேண்டாம், அந்தத் தபசுக் கூட்டாஞ்சோறுதான் வேண்டும், நாக்கிலேயே நிற்கிறது என்றீர்கள். தேங்காய் அரைக்க மெட்டில்டா வந்தாள். மல்லித்தூள் என்று நினைத்து டின்னைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு கொட்டகை ஓரத்தில் இருந்த பூனைகளைப் பார்த்தாள்.

"மல்லின்னு தெறந்தா மாலத்தீவே உள்ள இருக்கு, அண்ணே."

நான் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"நாப்பது நாளுமா?"

"முதல் வாரம் போடல."

"அந்த யூதாசுப் பயலுக்குமா?"

நான் அண்டாவை மூடினேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளாகவே சொன்னாள். அதனால் இன்றைக்கு நீங்கள் ஆள் அனுப்பியபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்போது என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். நான் யோசித்துவிட்டேன். ஜேசுபாதத்திடம் சொன்னால், அவன் நேர்ச்சை உடைந்தது என்று ஆகும். உடைந்த நேர்ச்சைக்கு எப்படிப் பிள்ளை கிடைத்தது என்று அவன் பயப்படுவான். பிள்ளை தும்மினால்கூடப் பயப்படுவான். முழங்காலில் இன்னும் காயம் ஆறவில்லை. சொல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நடிகர்கள் தபசை ஜெயித்தார்கள். நீங்கள் பிரசங்கத்தில் சொன்னது நிற்கும். பிள்ளை சுகமாக இருக்கிறது. நஷ்டம் யாருக்கு என்று எண்ணிப் பார்த்தேன். சூரை மீனைத் தவிர யாரும் அகப்படவில்லை.

மீன் என்று வாய் தவறி வந்துவிட்டது. மாசி.

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்பீர்கள். பசாசையும் அதன் கிரியைகளையும் அதன் வஞ்சனைகளையும் விட்டுவிடுகிறாயா என்று. பிள்ளைக்குப் பதிலாக நான் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வருகிறது. மனதில் களங்கம் இருந்தால் அப்படி வராது. நாளைக்கும் அப்படித்தான் வரும். முடிந்ததும் கொட்டகையில் சாப்பாடு. ஜேசுபாதம் என்ன கேட்டிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். அதே கூட்டாஞ்சோறு. டின்னைத் திருப்பிக் கொடுத்தால் சௌகரியமாக இருக்கும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பு என்று தெரிந்தே, ஒளித்து ஒளித்துப் போட்டாயா என்று கேட்டீர்கள். அது மட்டும் என் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் எதையும் ஒளித்துச் செய்கிறவன் இல்லை, சாமி. ஒவ்வொரு நாளும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற பந்தியில், உங்கள் கண்முன்னால், இதே கையால்தான் போட்டேன். எல்லோரும் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் சொல்லும்போது.